ரேஸ் டிராக்குக்குப் போகும் காருக்கு டயர் தேர்வு: வணிகக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

நமது கடைத்தெருவில் அடுத்த தலைமுறை கல்லாவுக்கு வந்துவிட்டது. படிப்பை முடித்து வந்த பிள்ளைகள் காலையில் சரக்கு இறக்குகிறார்கள், பில் போடுகிறார்கள், வசூலுக்குப் போகிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போய்வர வேண்டும் என்கிறார்கள். போகட்டும், தவறில்லை. ஆனால் கூடவே ஒரு டயர் பில் வருகிறது. இருக்கிற டயரே புதிதாகத்தானே இருக்கிறது, இரட்டை விலையில் வேறு டயர் எதற்கு என்று தகப்பனார் கேட்கிறார். "உங்களுக்கு அதெல்லாம் புரியாதுப்பா" என்கிறான் மகன். பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது.

பேச்சு நிற்கக் கூடாத இடம் அது. டயர் என்பது ஆடம்பரப் பொருளா, அவசியப் பொருளா என்பதை எந்த ரோட்டில், எந்தப் பருவத்தில், எந்த வேலைக்கு என்று கேட்டுத்தான் சொல்ல முடியும். சரக்கின் தரம் பார்த்துக் கொள்முதல் செய்யத் தெரிந்த நமக்கு டயரின் தரம் பார்ப்பது பெரிய வித்தையல்ல. உறுப்பினர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும்படியாக இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

தடம் எங்கே, எப்படி வந்தது

தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. அதில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்து 1990இல் திறந்தது. சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை இருக்கும் அதே ஊர்தான். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயரும் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனுக்கே.

டயர்த் தொழிலும் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1946இல் கே.எம். மம்மன் மாப்பிள்ளை சென்னைத் திருவொற்றியூரில் குழந்தைகளுக்கு ஊதுகிற பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. பலூன் விற்றவர் டயர் விற்கும் நிலைக்கு உயர்ந்த கதை, சிறு வணிகர் அனைவரும் நினைவில் வைக்க வேண்டியது. இன்று அப்போலோ நிறுவனம் ஒரகடத்திலும், ஜே.கே. டயர் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் டயர் செய்கின்றன. ரேஸ் டிராக்கைச் சுற்றியே டயர் ஊராகிவிட்டது எனலாம்.

பந்தயம் நடக்காத சில நாட்களில் சொந்தக் காரைக் கொண்டுவந்து தடத்தில் ஓட்டிப் பார்க்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள். அதற்குத்தான் 'டிராக் டே' என்று பெயர். பரிசு, கோப்பை கிடையாது. எதிரே வண்டி வராத, ஆடு மாடு குறுக்கே ஓடாத இடத்தில் காரின் முழுத் திறமையைப் பார்க்கலாம் என்பதுதான் அதன் பயன். கிரிவலப் பாதையிலும் புறவழிச் சாலையிலும் வேகம் காட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார் லாரியில் ஏறித் தடத்துக்குப் போவதில்லை. திருவண்ணாமலையிலிருந்து ஒரு வழிக்கே 150 கிலோமீட்டர் அளவில் ரோட்டில் ஓடித்தான் போகிறது. தடத்தில் ஓடிக் களைத்த அதே டயரில்தான் இரவு வீடு திரும்புகிறது. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தடத்தில் ஓடினால், மீதி முந்நூற்றைம்பது நாள் நம் ஊர் ரோட்டில்தான் ஓடும். டயர்த் தேர்வின் முழுக் கணக்கும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

நான்கு அஞ்சலட்டை

ஒரு சிறிய காரின் எடை 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 275 கிலோ. டயரில் 32 பவுண்டு காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2¼ கிலோ அழுத்தம். 275ஐ 2¼ஆல் வகுத்தால் 122 சதுர சென்டிமீட்டர். நமது அஞ்சலட்டை 14க்கு 9, அதாவது 126 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஓர் அஞ்சலட்டை அளவுதான். நான்கு அஞ்சலட்டைகளை நம்பித்தான் கார் திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறது, குடும்பத்தைச் சுமக்கிறது.

இஞ்சினுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும், பிரேக் எவ்வளவு உயர்ந்ததானாலும், அந்த நான்கு அட்டைகள் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மேல் எதுவும் செய்ய முடியாது. காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் மிதித்தபின் ஏறக்குறைய 25 மீட்டரில் நிற்கும். ரோட்டின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் அதே கார் நிற்க 50 மீட்டர் வேண்டும். இது பௌதிகக் கணக்கு. ஓட்டுபவர் கெட்டிக்காரர் என்பதற்காகக் குறையாது. அந்த 25 மீட்டர் வித்தியாசத்தில் ஒரு லாரி நிற்கலாம், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் போகலாம்.

டயரில் எத்தனை வகை

கடையில் பொன்னி, பாஸ்மதி, இட்லி அரிசி என்று பிரித்து வைக்கிறோம். பிரியாணிக்கு வாங்க வந்தவரிடம் இட்லி அரிசியைக் கொடுத்தால் அரிசி கெட்டதென்று சொல்ல முடியாது. வேலைக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான். டயரும் அப்படியே. தடத்துக்குப் போகும் கார்களில் பார்க்கும் டயர்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கார் வாங்கும்போதே வருகிற சாதாரணக் குடும்ப டயர். ரப்பர் சற்றுக் கெட்டி. நெடுநாள் உழைக்கும், பெட்ரோல் மிச்சமாகும், சத்தம் குறைவு. ரோட்டுக்கு நல்லது. தடத்தில் நான்கைந்து சுற்று வேகமாகப் போனால் சூடேறிவிடும். கோடையில் வெல்ல மூட்டை இளகுவது போல் ரப்பர் இளகிப் பிடிப்பு போய்விடும். ஓரங்கள் உருண்டு பிய்யும்.

இரண்டாம் வகை, ரோட்டுக்கென்றே செய்த ஸ்போர்ட்ஸ் டயர். பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். ரப்பர் சற்று மென்மை. நடுவில் தண்ணீர் ஓட அகலமான நேர்ப் பள்ளங்கள் இருக்கும். மழையிலும் நம்பலாம், தடத்தில் அளவோடு ஓட்டினால் தாங்கும். ஆயுள் முதல் வகையைவிடக் குறைவு.

மூன்றாம் வகை, தடத்தை மனதில் வைத்துச் செய்து, ரோட்டிலும் ஓட்ட அனுமதி பெற்றது. ரப்பர் மேலும் மென்மை, பள்ளங்கள் குறைவு. காய்ந்த ரோட்டில் பசைபோல் பிடிக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் நம்ப முடியாது.

நான்காம் வகை 'செமி ஸ்லிக்', அதாவது பாதி மொட்டை. பெயருக்கு நாலு கோடு கிழித்திருப்பார்கள். சூடேறினால்தான் பிடிக்கும். மழை நாளில் இதில் ரோட்டுக்கு வருவது எண்ணெய் சிந்திய தரையில் செருப்பில்லாமல் ஓடுவதற்குச் சமம்.

ஐந்தாம் வகை முழு மொட்டையான பந்தய டயர். ரோட்டில் ஓட்டக் கூடாது. வேறு வண்டியில் ஏற்றிப் போய்த் தடத்தில்தான் மாட்ட வேண்டும்.

சில டயர்களின் பக்கவாட்டில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்க அரசு விதிப்படி போடுவது. 100 என்பது ஒப்பீட்டு டயர். 400 போட்ட டயர் அந்தச் சோதனையில் 200 போட்டதைப் போல் இரு மடங்கு உழைத்தது என்று பொருள். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் 200க்குக் கீழுள்ள டயரை ரோட்டு டயர் வகுப்பில் சேர்ப்பதில்லை. அந்த 200ஐ ஓர் எல்லைக்கல்லாக நாமும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணைப் போடுவது உற்பத்தியாளரே என்பதால், ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிடத்தான் இது சரியாக உதவும்.

லேபிள் படிக்கத் தெரிந்தவருக்கு ஏமாற்றம் இல்லை

பொட்டலத்தில் எடை, தயாரித்த தேதி, காலாவதி தேதி பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. டயரின் பக்கவாட்டிலும் இவை எல்லாம் அச்சாகியிருக்கின்றன.

195/55 ஆர் 16 87 வி என்று ஒரு டயரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் அங்குல அளவு. 87 என்பது சுமைக் குறியீடு. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 82 என்றால் 475 கிலோ, 91 என்றால் 615 கிலோ. கடைசி எழுத்து வேகக் குறியீடு. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270.

நம் ரோட்டில் யார் 240 போகப் போகிறார் என்று கேட்கலாம். அந்த வேகத்தில் போவதற்காக அல்ல, அவ்வளவு சூட்டைத் தாங்கும் கட்டுமானம் உள்ளே இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. காருடன் வந்த டயரின் சுமைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. தடத்துக்குப் போகும் காருக்கு ஒரு படி மேலே போவது நல்லது.

அடுத்து தேதி. டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ரப்பர் வைத்திருந்தாலே இறுகும் பொருள். பிடிப்புக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர் பழைய சரக்கை வாங்கினால் கொடுத்த காசுக்குப் பொருள் வரவில்லை என்று அர்த்தம். ஒரு டயர்க் கடையில் நம்மிடம் நான்கு டயர் காட்டினார்கள். மூன்றில் ஒரே ஆண்டு இருந்தது, நான்காவது மூன்று ஆண்டு பழையது. கேட்டதற்கு, "ஐயா, எல்லாமே புதுசுதான், பேப்பர்கூடப் பிரிக்கலை" என்றார் கடைப் பையன். பேப்பர் பிரிக்காத பருப்பிலும் வண்டு விழும் என்பது நமக்குத் தெரியாதா? நான்கையும் ஒரே காலத்துச் சரக்காகக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி நம் நாட்டில் விற்கும் வாகன டயருக்கு அது கட்டாயம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. ஆகவே வெளிநாட்டிலிருந்து மட்டுமே வரும் அளவையோ மாடலையோ வாங்கும்போது, நாளை ஒன்று கிழிந்தால் ஜோடி கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மறு கொள்முதலுக்கு வழியில்லாத சரக்கை எடுப்பது வியாபாரமல்ல.

அளவை மாற்றலாமா

அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் மாறக் கூடாது. 185/65 ஆர் 15 டயரின் மொத்த உயரம் 621 மில்லிமீட்டர் அளவு. 195/55 ஆர் 16 போட்டாலும் அதே 621 அளவு வருகிறது. இது சரியான மாற்றம். உயரம் மாறினால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். தராசு பொய் சொன்னால் என்ன ஆகும் என்று வணிகருக்கு விளக்க வேண்டியதில்லை. டயர் உள்பக்கம் உரசுகிறதா என்று ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்துப் பார்க்க வேண்டும். ரிம்மின் அகலத்துக்கு அந்த டயர் பொருந்துமா என்று கம்பெனிப் பட்டியலில் சரிபார்க்க வேண்டும்.

பக்கச்சுவர் மிகக் குட்டையான டயரைத் தவிர்ப்பது நலம். நம் பக்கத்து ரோட்டில் ஒரு குழியில் விழுந்தால் டயர் மட்டும் போகாது, ரிம்மும் வளையும்.

மழை என்னும் பரீட்சை

நமது ஊரின் பெருவிழா கார்த்திகை தீபம். வெளியூர் வண்டிகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து குவியும் அந்த மாதம்தான் வடகிழக்குப் பருவமழையின் மாதமும். 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்களை நமது ஊர் பறிகொடுத்தது. மழை எவ்வளவு பெய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டயரின் பள்ளம், அதாவது பட்டன், இருப்பது தண்ணீரை வெளியேற்றத்தான். காய்ந்த ரோட்டில் பள்ளமில்லாத டயர் அதிகம் பிடிக்கும், அதனால்தான் பந்தய டயர் மொட்டையாக இருக்கிறது. ஈரத்தில் கணக்கு தலைகீழ். வேகமாகப் போகும்போது தண்ணீரை ஒதுக்க வழியில்லாவிட்டால், டயர் ரோட்டை விட்டு எழும்பித் தண்ணீர்மேல் மிதக்கும். அந்தக் கணத்தில் ஸ்டீரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. மேலே சொன்ன நான்கு அஞ்சலட்டைகளும் தண்ணீரில் போய்விட்டன.

கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் டயர் தீர்ந்தது. மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. தடத்துக்குப் போகும் கார்களில் டயரின் வெளி ஓரம் முதலில் தேயும். நடுவில் பள்ளம் நிறைய இருப்பதாகத் தெரியும், ஓரம் மொட்டையாகியிருக்கும். ஆகவே ஓரத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு மட்டும் மாற்றுவதானால், பட்டன் அதிகமுள்ள ஜோடி பின்னால் இருக்கட்டும். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்புண்டு, பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

ஆகவே நமது முடிவு இது: ஒரே ஜோடி ரிம் வைத்திருக்கும் காருக்கு, தடத்துக்கு மாதம் ஒரு முறை போனாலும், இரண்டாம் வகை டயர்தான் பொருத்தம். தடத்தில் சுற்றுக்கு இரண்டொரு விநாடி கூடுதலாகும். ஆகட்டும். அந்த விநாடிகளுக்குப் பரிசு இல்லை. இரவு மழையில் சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வீடு திரும்பும்போது பிள்ளை கையில் பிடிப்பு இருக்க வேண்டும். ஓட்டும் பழக்கம் முதிர்ந்து, மூன்றாம் நான்காம் வகைதான் வேண்டும் என்ற நிலை வந்தால், தனியாக நான்கு ரிம் வாங்கி, அந்த டயரை அதில் மாட்டி, தடத்தில் போய் மாற்றிக்கொள்ளட்டும்.

காற்றில் கவனம்

நல்ல டயர் வாங்கியும் பலர் கோட்டை விடும் இடம் காற்று. டயர் குளிர்ந்திருக்கும்போது, கார்க் கதவோரத்தில் ஒட்டிய அட்டையில் உள்ள அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும். சூடேறினால் காற்றழுத்தம் ஏறும். வீட்டில் 32 வைத்தது தடத்தில் சில சுற்றுக்குப் பின் 40ஐத் தொடலாம். அழுத்தம் அளவுக்கு மீறினால் பிடிப்பு குறையும் என்பதால் அங்கே சூட்டோடு காற்றை இறக்கி 34 வைப்பார்கள். அதுவரை சரி.

ஆபத்து அதற்குப் பிறகு. மாலையில் டயர் ஆறியதும் அந்த 34 என்பது 27 அளவுக்கு இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் நான்கு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு 150 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் வந்தால், பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளுக்குள் சூடாகி வெடிக்கவும் கூடும். தடத்திலிருந்து கிளம்பும் முன் டயரை ஆறவிட்டு, மீண்டும் வீட்டு அளவுக்குக் காற்று அடித்தாக வேண்டும். இதற்கு ஒரு நல்ல அளவுமானியும் சிறிய காற்றுப் பம்பும் காரிலேயே இருக்கட்டும். டயரின் விலையில் இது மிகச் சிறு பங்கு.

நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்று காசு வாங்குகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் விரியும். ஈரப்பசை இல்லாத காற்று என்பதுதான் அதன் சிறு நன்மை. அளவு பார்க்கும் பழக்கத்துக்கு அது மாற்றல்ல.

புது டயர் மாட்டியதும் முதல் 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். மேல்பூச்சு தேய்ந்தபின்தான் முழுப் பிடிப்பு வரும். கடையிலிருந்து நேரே தடத்துக்குப் போகக் கூடாது. தடத்தில் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் டயரில் கொப்புளம், கிழிசல், வீக்கம் உண்டா என்று பார்த்து, சக்கர நட்டுகளை முறுக்கிச் சரிபார்க்க வேண்டும்.

விலைக் கணக்கு

டயரை விலையால் அளக்கக் கூடாது, கிலோமீட்டரால் அளக்க வேண்டும். கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். சாதா டயர் நான்கு 24,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 60 காசு. மென்மையான டயர் நான்கு 48,000 ரூபாய், 15,000 கிலோமீட்டர்தான் உழைத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 20 காசு. விலை இரண்டு மடங்கு என்று தோன்றுவது செலவில் ஐந்து மடங்குக்கு மேல். கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற தினசரி ஓட்டத்தை அந்த டயரில் ஓட்டுவது பாஸ்மதி அரிசியில் மாவாட்டுவது போல. தனி ரிம்மில் தனி டயர் என்பது இந்தக் கணக்கிலும் சிக்கனமே.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் போட்டு வாங்குங்கள். பில் இருந்தால்தான் கம்பெனி வாரன்டி கேட்க முடியும். தடத்தில் ஓட்டியதால் வந்த சேதத்துக்கு வாரன்டி உண்டா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையின் டயர் பில்லைக் கடைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சொந்தச் செலவு சொந்தச் செலவாகவே இருக்கட்டும்.

இன்சூரன்சும் சட்டமும்

தனியார் கார் பாலிசியை எடுத்துப் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு அந்தப் பாலிசி செல்லாது என்று எழுதியிருக்கும். டிராக் டே பந்தயமல்லவே என்று பின்னால் வாதாடுவதைவிட, போகும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது மேல். தடத்தில் கார் நொறுங்கினால் நட்டம் நம்முடையது என்று தெரிந்தே அனுப்ப வேண்டும்.

அதே பகுதியில் நமக்கு நேரடியாக உறைக்கும் இன்னொரு வரி இருக்கிறது. மாதிரிச் சரக்கும் சொந்த மூட்டை முடிச்சும் தவிர வேறு சரக்கு ஏற்றினாலும் அந்தப் பாலிசி செல்லாது. பின் சீட்டை மடக்கி நாலு மூட்டை சர்க்கரை போட்டு வரும் அன்பர்கள் கவனிக்கவும்.

பொது ரோட்டில் அனுமதியின்றி வேகப் பந்தயம் வைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவுப்படி முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பிடிக்கிற டயர் வாங்கிக் கொடுத்தோம் என்பதால் ரோட்டில் வேகம் கூடினால் நாம் செய்தது உதவியல்ல.

குட்டி யானைக்கும் இதே பாடம்

கார் இல்லாத அன்பர்களும் இங்கே ஒன்று எடுத்துக்கொள்ளலாம். சரக்கு ஏற்றும் குட்டி யானைக்கு விலை குறைவாகக் கிடைக்கிறதென்று கார் டயர் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ரிம்மில் பொருந்தினால் போதாது, சுமைக் குறியீடு பொருந்த வேண்டும். கார் டயர் தாங்கும் சுமை வேறு, அரிசி மூட்டை ஏற்றிய வண்டியின் டயர் தாங்கும் சுமை வேறு. தேதி, பட்டன், காற்று, சுமைக் குறியீடு என்ற நான்கையும் மாதம் ஒரு முறை டிரைவரோடு நின்று பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

சுருக்கமாக

1. டயரை அது அதிக நாள் ஓடும் ரோட்டுக்காகத் தேர்ந்தெடுக்கவும், ஒரு நாள் ஓடும் தடத்துக்காக அல்ல.
2. ஒரே ஜோடி ரிம் என்றால் மழையைத் தாங்கும் ரோட்டு ஸ்போர்ட்ஸ் டயர். அதற்கு மேல் வேண்டுமானால் தனி ரிம்.
3. சுமை, வேகக் குறியீடு காருடன் வந்ததற்குக் குறையாமல். நான்கும் ஒரே காலத்துத் தயாரிப்பாக.
4. மொத்த உயரம் மாறாமல், டயர் உரசாமல்.
5. தடத்தில் இறக்கிய காற்றைக் கிளம்பும் முன் மீண்டும் அடிக்கவும்.
6. பில், வாரன்டி, இன்சூரன்ஸ் மூன்றையும் முன்னதாகவே எழுத்தில் தெரிந்துகொள்ளவும்.

பிள்ளைகளின் ஆசையை மறுக்கச் சொல்லவில்லை. டயர் வாங்கப் போகும்போது தகப்பனாரும் உடன் போக வேண்டும் என்கிறோம். பிள்ளைக்கு வேகம் தெரியும், நமக்குச் சரக்குப் பார்க்கத் தெரியும். இருவரும் சேர்ந்து நின்று அந்தப் பக்கவாட்டு எழுத்தைப் படித்து வாங்கினால், ஞாயிறு இரவு வாசலில் கார் வந்து நிற்கும் சத்தத்துக்காக வீட்டில் யாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியிராது.